சிரிக்காத சிப்பாய்

“சிப்பாயைச் சிரிக்க வையுங்க, குடும்பத்தோட படகுல போங்க! காசு கீசு எதுவும் வேணாம், ஓசி!”

கோட்டை வாசலில் மைக் பிடித்தவர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு மேடை. அதன்மேல் தலைக்கவசம், ஈட்டி, மார்பு வரை தொங்கும் தாடி சகிதம் ஒரு சிப்பாய் நின்றிருந்தார். உச்சி முதல் பாதம் வரை வெள்ளிச் சாயம். இது சிலை இல்லை, உயிருள்ள ஆள்தான் என்று மைக்காரர் சத்தியம் பண்ணிய பிறகுதான் கூட்டமே நம்பியது.

“அம்மா, படகும்மா!” என்றான் பெரியவன். அவனுக்கு எட்டு வயது.

“படகு, படகு, படகு” என்று ஐந்து வயதுச் சின்னவள் அம்மாவின் கைப்பையைப் பிடித்துத் தொங்கினாள்.

அம்மாவுக்கும் ஆசைதான். காலையிலிருந்து அருங்காட்சியகம், கலங்கரை விளக்கம், பழைய துறைமுகம் என்று இரண்டையும் இழுத்துக்கொண்டு அலைந்ததில் கால் விட்டுப்போயிருந்தது. முந்நூறு வருஷத்துப் பீரங்கியைக் காட்டினால், “இதுக்குள்ள பூனை இருக்குமா?” என்று கேட்கிற பிள்ளைகள். அவர்கள் மறக்காமல் கேட்டுக்கொண்டிருந்த ஒரே விஷயம் படகு. டிக்கெட் விலையைப் பார்த்ததும் அவளுக்குத் தரையிலேயே கடல் ஆடியது.

கணவர் மேல் கோபம் கோபமாக வந்தது. இந்தக் கடலோர ஊருக்கு அவர் வேலைக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. பிள்ளைகள் ஏங்கிப்போய்விட்டார்களே என்று இவளே ரயிலேறி வந்தால், “லீவு கிடைக்கலை, சாயங்காலம் வரைக்கும் ஆபீஸ்ல அசைய முடியாது. ஞாயித்துக்கிழமை நானே எல்லாம் சுத்திக் காட்டறேன், அதுவரைக்கும் ரூம்ல இருங்க” என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டார். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு நாலு சுவருக்குள் இருக்க முடியுமா?

“இவர் சிரிச்சிட்டா இவருக்கு என்ன ஆகும்?” என்று மைக்காரரிடம் கேட்டான் பெரியவன்.

“சீட்டுக் கிழிஞ்சிடும் தம்பி! இவருக்கு முன்னாடி இருந்தவர் ஒரே ஒரு தும்மல்தான் போட்டார். அன்னிக்கே மூட்டை கட்டிட்டாங்க.”

கூட்டம் சிரித்தது. சிப்பாய் சிரிக்கவில்லை.

பெரியவன் கயிற்றுக்கடியில் நுழைந்தான். கண்ணை உருட்டினான், மூக்கை விரலால் மேலே தூக்கினான், கையைத் தரையில் ஊன்றிக் குரங்கு மாதிரி குதித்தான். கடைசியில் கால் தடுக்கி விழுந்து, அதையும் வித்தையில் சேர்த்துக்கொண்டான். சிப்பாய் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தள்ளுடா, நான் பாத்துக்கறேன்” என்று அம்மாவே களத்தில் இறங்கிவிட்டாள். தெரிந்தவர் ஒருத்தரும் இல்லாத ஊரில் என்ன வெட்கம்?

“சிப்பாய் சார், எங்க வீட்டுக்காரர் கதை ஒண்ணு சொல்றேன் கேளுங்க. கல்யாணமான புதுசுல, இன்னிக்கு நான்தான் சமையல்னு உள்ள போனார். ஒரு மணி நேரமாச்சு, சத்தமே இல்லை. என்னடான்னு எட்டிப் பாத்தா, குக்கர் எப்போ விசிலடிக்கும்னு எதிர்ல நாற்காலி போட்டு உக்காந்திருக்கார். அடுப்பையே பத்த வைக்கலை!”

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. சிப்பாயின் ஈட்டி ஒரு நொடி நடுங்கியது போலிருந்தது. மைக்காரர் ஓடிவந்து முகத்தருகே உற்றுப் பார்த்தார்.

“உதடு அசையலை! அக்கா அவுட்!”

“என்ன மனுஷனோ இவர்! இந்தக் கதையைச் சொன்னா எங்க வீட்டுக்காரரே உருண்டு உருண்டு சிரிப்பார்” என்று முனகிக்கொண்டே திரும்பினாள்.

இனி சின்னவள்தான் பாக்கி. அவளிடம் ஓர் அஸ்திரம் இருந்தது. அப்பாவின் குறட்டையை, நடுவில் வருகிற விசிலோடும் உறுமலோடும் அப்படியே விட்டுக் காட்டுவாள். ஊசி போட வந்த நர்ஸ்கூட ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்திருக்கிறாள். அப்பாவோ அதைக் கேட்டால் கண்ணில் தண்ணீர் வருமளவு சிரிப்பார்.

“போடி தங்கம். நம்ம படகு உன் வாயிலதான் இருக்கு.”

மைக்காரர் ஒரு முக்காலியைப் போட்டு அவளை ஏற்றிவிட்டார். முகத்துக்கு நேராக முகம். சின்னவள் தாடியைப் பார்த்தாள், கவசத்தைப் பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள். மூச்சை இழுத்துக் கன்னத்தை உப்ப வைத்தாள். அம்மா பெரியவனின் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

உப்பிய கன்னம் மெல்ல வற்றியது. ஈட்டியைப் பிடித்திருந்த கையை ஒரு தடவை தடவிக் கொடுத்துவிட்டுச் சின்னவள் இறங்கி வந்தாள். உள்ளங்கையெல்லாம் வெள்ளியாக இருந்தது.

“பாப்பாவும் அவுட்! அடுத்து யாரு?” என்றார் மைக்காரர்.

அம்மாவுக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. சின்னவளை ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள். “என்னடி ஆச்சு உனக்கு? வீட்டுல வேணாம் வேணாம்னாலும் குறட்டை விடுவே. இங்க மட்டும் வாய்க்குப் பூட்டா? இனிமே படகு கிடகுன்னு சொல்லு, பேசிக்கறேன்!”

சின்னவள் ஒருமுறை மேடையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு அம்மாவின் கழுத்தை வளைத்து இழுத்துக் காதோடு சொன்னாள்:

“படகு வேணாம்மா. நான் குறட்டை விட்டிருந்தா அப்பா சிரிச்சிருப்பார். வேலை போயிடும்ல?”