மூன்றாவது ஸ்டே கம்பி

இருட்டிய பிறகு, காற்று வீசும்போதெல்லாம் கிறீச், கிறீச் என்று ஒரு சத்தம் கேட்டது. சுண்டெலி ரோசலி காதை நிமிர்த்திக் கேட்டாள். ரேடியோக் கோபுரத்தின் அடியில்தான் அவள் வளை. உள்ளே கண் திறக்காத ஆறு குட்டிகள். அன்று பகலில்தான் வேலையாட்கள் உச்சியில் பெரிய ஆன்டெனாவை ஏற்றி, கோபுரம் சாயாமல் இருக்க மூன்று பக்கமும் ஸ்டே கம்பி இழுத்துக் கட்டியிருந்தார்கள்.

ஓடிப்போய்ப் பார்த்தாள். மூன்றாவது கம்பியை இறுக்கிப் பிடிக்கும் திருகு, ஒவ்வொரு காற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டிருந்தது.

"தம்பி, ஒண்ணுமில்லையே?" என்று மேலேயிருந்து கோபுரம் கேட்டது.

"எனக்கென்னண்ணே, கல்லு மாதிரி நிக்கிறேன்," என்றது கம்பி.

"புளுகாதே," என்றாள் ரோசலி. "உன் திருகு கழலுது."

"மெதுவாப் பேசுக்கா! திருகு சுத்தாம இருக்க ஒரு சின்னக் கம்பி கோத்துக் கட்டணும். டீ வந்ததும் மறந்துட்டாங்க. வெளியே தெரிஞ்சா மத்த ரெண்டு கம்பியும் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். நீ விட்டா கோபுரம் என் பிள்ளைங்க மேலதான் விழும்."

தரையில் கிடந்த துண்டுக் கம்பிகளில் ஒன்றைப் பல்லால் கவ்வி, திருகின் நடுவே நுழைத்து, இரண்டு பக்கமும் முறுக்கிக் கட்டினாள். அடுத்த காற்று பலமாகவே வீசியது. திருகு அசையவில்லை.

"அக்கா..." முதல் கம்பி தயங்கித் தயங்கிக் கூப்பிட்டது. "எனக்கும் போடலைக்கா."

அதற்கும் கட்டினாள். வாயே திறக்காத இரண்டாவதற்கும் கட்டினாள். பிறகு வளைக்குள் போய், குட்டிகளை முகர்ந்து பார்த்துவிட்டு, தீக்குச்சித் தாழ்ப்பாளை உள்ளிருந்து போட்டாள்.