முழங்கால் நேர்ச்சை

“கண்ணை மூடுங்கம்மா. ஒத்தக் கால்ல நில்லுங்க. எந்தப் பக்கம் தள்ளுவேன்னு யோசிக்கக் கூடாது.”

ஜெயமேரியின் தோளை இவாஞ்சலின் மெல்லத் தள்ளினாள். முழங்கால் வெடவெடத்து மடங்கியது. விழப்போனவளை இவாஞ்சலின்தான் தாங்கிப் பிடித்தாள். கம்பத்தில் பிசியோதெரபி மையம் தொடங்கிய எட்டு வருடத்தில் இப்படி அடம்பிடிக்கிற ஆளை அவள் பார்த்ததில்லை.

ஜெயமேரியின் மகன் ஜான் பீட்டர் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் டிரைவர். குமுளி மலைப்பாதையில் ஜீப் உருண்டதிலிருந்து, ஆறு வருடமாகக் கழுத்துக்குக் கீழே அசைவில்லை. அவனைத் தூக்கிப் புரட்டியே தாயின் முழங்காலுக்குள் தசைநார் அறுந்துவிட்டது. ஆபரேஷன் என்று அவளும் படுத்தால் அவனைப் பார்க்க நாதியில்லை. இந்த லட்சணத்தில் மாதாவுக்கு ஒரு நேர்ச்சை வேறு. கோயில் வாசலிலிருந்து பீடம் வரை முழங்காலாலேயே போக வேண்டுமாம்.

மகன் எழுந்து நடக்கட்டும், பிறகு செலுத்தலாம் என்று முதல் நாளே இவாஞ்சலின் சிடுசிடுத்தாள். அவன் எழப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். பொய் நம்பிக்கையைக் கண்டால் அவளுக்கு ஆகாது.

ஜெயமேரி தலையைக் குனிந்துகொண்டாள். “பெரிய டாக்டருகளும் கைய விரிச்சுட்டாக. ஆனா சீக்கிரமே செலுத்த வேண்டி வரும்போலத் தெரியுது தாயி.”

இவாஞ்சலின் பயிற்சியை ஆரம்பித்தாள்.

“அறுந்த நார் இனி ஒட்டாதும்மா. தொடைச் சதையைப் பழக்குவோம். கால் நழுவுதுன்னு நமக்குத் தெரியிறதுக்கு முன்னாடியே அது இறுக்கிப் பிடிச்சுக்கிடும். நாம நெனைக்கவே வேணாம்.”

மூன்றாவது வாரம் ஜெயமேரி வீங்கிய கண்ணோடு வந்தாள்.

“நேத்து உடம்பு தொடைக்கையில கட்டில்ல இருந்து சரிஞ்சுட்டான் தாயி. நான் நெனைக்கிறதுக்குள்ள கை போயிப் பிடிச்சிருச்சு.”

“அதேதாம்மா. அதுவும் ரிஃப்ளெக்ஸ்தான்,” என்று இவாஞ்சலின் சந்தோஷப்பட்டாள். அதற்குப் போய் ஜெயமேரி ஏன் விம்மி விம்மி அழுதாள் என்று அவளுக்கு விளங்கவில்லை.

அடுத்த வாரம் ஜெயமேரி தலையைக் காட்டவில்லை. அதற்கடுத்த வெள்ளிக்கிழமை வந்தபோது ஆள் பாதியாகியிருந்தாள். கண்ணை மூடி, சொல்லாமலே ஒற்றைக் காலில் நின்றாள். இவாஞ்சலின் தள்ளினாள். தொடை இறுகியது. முழங்கால் அசையவில்லை.

“நாளைக்கு நேர்ச்சையச் செலுத்திரலாமா தாயி?”

இவாஞ்சலினுக்குப் பொறுக்கவில்லை. “வேண்டினது நடந்தாத்தானேம்மா செலுத்துவாக? உங்க மகன் என்ன, எந்திரிச்சு உக்காந்துட்டாரா?” என்று கேட்டேவிட்டாள்.

“செவ்வாக்கிழமை அடக்கம் பண்ணியாச்சு. எனக்கு முன்னாடி அவனை எடுத்துக்கிடணும்னுதான் மாதாகிட்ட வேண்டியிருந்தேன்.” ஜெயமேரி தன் கைகளை விரித்துப் பார்த்தாள். “வாய்தான் வேண்டுச்சு தாயி. இந்தக் கை கடைசி வரைக்கும் அவனை விடமாட்டேன்னுருச்சு.”