இன்னொரு கரண்டி

"இன்னொரு கரண்டி ஊத்து!"

சமையல் மாஸ்டர் சூப் கிண்ணத்தை நீட்டினார். அவர் மனைவி கரண்டியும் கையுமாக அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மூணாவது தடவை. அது வயிறா, கிணறா?"

"ஆஸ்பத்திரியில காத்துக் கிடந்தா பசிக்காதா? உன் ரிசல்ட் நல்லபடியா வந்த சந்தோஷம் வேற!"

 அவள் ஊற்றியதை மடமடவென்று குடித்தார்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவர் முகத்தைப் படிப்பதில்லை, தட்டைத்தான் படிப்பாள். மனசில் கல் விழுந்தால் அவருக்கு வாய் பூட்டிக்கொள்ளும். அவர் வேலை பார்க்கும் ஓட்டலை விற்கப் போகிறார்கள் என்று புரளி கிளம்பியபோது வெறும் டீயிலேயே நாட்களை ஓட்டினார். 'உங்க மூஞ்சி பொய் சொல்லும், தட்டு சொல்லாது' என்று அன்றே பிடித்துவிட்டாள்.

இன்று தட்டும் பொய் சொல்லியாக வேண்டும்.

"நாளைக்கு அழைச்சிட்டு வாங்க, நானே பக்குவமாச் சொல்றேன். இன்னிக்கு ஒரு நாளாவது அவங்க நிம்மதியா இருக்கட்டும்" என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

"கோழி வைக்கட்டுமா?"

"கேக்கணுமா? வை, வை!"

கடித்தார். மென்றார். விழுங்கினார். எதிரே அவள் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். போலீஸ் ஸ்டேஷனில் மாட்டிக்கொண்டதுபோல் இருந்தது அவருக்கு.

"டாக்டர் வேற ஒண்ணுமே சொல்லலையா?"

"உடம்புல சத்து கம்மியாம். மாத்திரை தரணும், நாளைக்கு வாங்கன்னார்."

"அப்ப அந்தக் கட்டி?"

"சும்மா கொழுப்புக் கட்டி. அதுக்குப் போய் ஊரைக் கூட்டினியே!"

சிரித்தார். எலும்பை ஓரமாக வைத்தார். கையைச் சட்டென்று மேஜைக்கடியில் இழுத்துக்கொண்டார்.

"கோழி எப்படி இருக்கு?"

"அமிர்தம்! எனக்கே இப்படிக் கைவராது."

"அடேங்கப்பா! உங்க வாயால இப்பதான் முதல் பாராட்டு."

"நீயும் சாப்பிடேன்."

"எனக்கு இருக்கட்டும். நீங்க முடிங்க."

கிண்ணத்தைச் சாய்த்துக் கடைசிச் சொட்டையும் குடித்தார். தட்டு துடைத்தாற்போல் காலி. அப்பாடா, தப்பித்தாயிற்று! இனி விடியும்வரை பயமில்லை.

அவள் எழுந்து வந்து, மேஜைக்கடியிலிருந்த அவர் கையை மெல்லப் பிடித்துக்கொண்டாள்.

"சூப்புல உப்பு போடலைங்க. கோழியிலயும் போடலை. வேணும்னேதான்." குரல் உடைந்தது. "இப்பச் சொல்லுங்க... எனக்கு என்ன வியாதி?"