பதினாலு

ஆம்பூர்ப் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலை. கழிவுத் தொட்டியில் மயங்கிய வசந்தைத் தூக்க இறங்கினான் பரந்தாமன். வசந்த் அங்கேயே இறந்துபோனான். பரந்தாமன் ஆஸ்பத்திரியில் வென்டிலேட்டருக்கு வந்தான்.

நர்ஸ் ரோஷினி மெஷினில் நிமிடத்துக்குப் பதினாலு மூச்சு வைத்தாள். தசைகளை அசையவிடாத மருந்து ஓடியதால் அவனாக மூச்சிழுக்க முடியாது. மார்பு பதினாலு முறைதான் ஏறியது. திரை இருபத்தெட்டு காட்டியது. மெஷினை மாற்றினார்கள். அதிலும் இருபத்தெட்டுதான்.

ஐந்தாம் நாள் காலை அவனே மூச்சுவிட்டான். மெஷின் காற்று தருவதை நிறுத்தி, குழாயை எடுத்தார்கள்.

"சிஸ்டர், வசந்த் இன்னா ஆனான்?"

"பக்கத்துலதான் இருக்காரு. தூங்குங்க," என்று, இப்படிக் கேட்கும் எல்லோருக்கும் சொல்வதையே ரோஷினி சொன்னாள்.

மெஷினை அணைக்கத் திரும்பினாள். குழாய் வெறுமனே தொங்கியது. பூஜ்யம் காட்ட வேண்டிய திரையில் பதினாலு. சுவிட்சில் வைத்த விரலை எடுத்துக்கொண்டாள்.