இருபத்தைந்து விநாடி

"அசைக்காதீங்க! கப்பலோட மூக்கு கோட்டைத் தொடட்டும்."

"நான் எங்க அசைக்கிறேன்? நீதான் மேசையை ஆட்டறே."

கணினித் திரையில் நீர்மூழ்கிக் கப்பல் விளையாட்டு; பெரிஸ்கோப்பின் வட்டம், நடுவில் செங்குத்தாக ஒரு கோடு. சரக்குக் கப்பல் அதை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. மூக்கிலிருந்து வால்வரை கோட்டைக் கடக்க எத்தனை விநாடி என்று கணவன் பார்க்க வேண்டும்; கப்பலின் நீளத்தைப் புத்தகத்தில் தேடி மனைவி சொல்ல வேண்டும். நீளத்தை நேரத்தால் வகுத்தால் வேகம். தானாகக் குறி பார்க்கும் வசதி விளையாட்டிலேயே இருந்தது. பத்து வருடமாக இருவரும் அதைத் தொட்டதில்லை.

எட்டு மாதமாக அந்த வீட்டில் பேச்சு, பால் வாங்கியாச்சா என்ற அளவோடு நின்றுவிட்டது. மேசையின் மறுமுனையில் விவாகரத்துப் பத்திரம் கிடந்தது.

"இது மூழ்கினதும் கையெழுத்து," என்றாள்.

"தப்பிச்சுட்டா?"

"துரத்தணும். பாதியில எழுந்து போகக் கூடாதுன்னு சட்டம் போட்டதே நீங்கதானே."

துரத்தினால் மூன்று மணி நேரமாவது ஆகும். அதற்குள் வக்கீல் ஆபீஸைப் பூட்டிவிடுவார்கள். கையெழுத்து ஒரு நாளாவது தள்ளிப்போகும்.

மூக்கு கோட்டைத் தொட்டது. ஸ்டாப்வாட்சை அழுத்தினான். வால் கடந்தபோது சரியாக இருபது.

"இருபத்தஞ்சு," என்றான், ஸ்டாப்வாட்சைக் கைக்குள் மூடிக்கொண்டு.

விளையாட்டில் அவளிடம் அவன் சொன்ன முதல் பொய். வேகம் குறைவாக வரும்; டார்பிடோ குண்டு கப்பலுக்குப் பின்னால் வெறும் தண்ணீரில் போய்விடும்.

அவள் புத்தகத்தையே வெகுநேரம் பார்த்தாள். "நூத்தைம்பது மீட்டர். வகுத்தா, செகண்டுக்கு ஆறு."

ஆறு என்று பதித்தான். ஏவினான். இருவரும் திரைப் பக்கம் சாய்ந்தார்கள்.

கப்பலின் நடுவயிற்றில் நெருப்பு வெடித்தது.

"எப்படி?"

இரண்டு வாயிலிருந்தும் ஒரே நேரத்தில் வந்தது அந்தக் கேள்வி.

அவள் அவன் விரல்களைப் பிரித்து ஸ்டாப்வாட்சைப் பார்த்தாள். அவன் அவள் மடியிலிருந்த புத்தகத்தைத் திருப்பினான். கப்பல் படத்தின் கீழே நீளம் அச்சாகியிருந்தது: நூற்றிருபது மீட்டர்.

நூற்றிருபதை இருபதால் வகுத்தாலும் ஆறுதான்.

திரையில் கப்பல் சாயத் தொடங்கியது. அது மூழ்குவதற்குள் அவள் எட்டி விளையாட்டை நிறுத்திவைத்தாள்.