வட்டாரம் பிரித்தவர்

2009இல் போர் முடிந்த கையோடு டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோ நகரத் தமிழ்ச் சங்கம் இரண்டுபட்டது. தேர்தலுக்கு முன் தலைவர் செபஸ்தியாம்பிள்ளை மூன்று வட்டாரங்களின் எல்லைகளையும் மாற்றிக் கீறினார்.

"எதிரணித் தலைவி கிறிஸ்ரினாவின்ர ஆக்களை ஒரே வட்டாரத்துக்குள்ள அடைச்சுப்போட்டன். மற்ற ரெண்டும் எங்களுக்குத்தான்."

"அவ சும்மா விடமாட்டா, அண்ணை," என்றான் செயலாளர் ஜெயரூபன்.

"அரசியல் எண்டா இப்பிடித்தான், தம்பி."

மொத்தத்தில் கிறிஸ்ரினா அணிக்கே வாக்குகள் அதிகம். ஆனால் கிடைத்தது ஒரேயோர் இடம். தலைவர் சிரித்தபடி வீடு திரும்பினார்.

வாசலில் அவருடைய தலையணையும் போர்வையும் கிடந்தன.

"வீட்டையும் வட்டாரமாப் பிரிச்சுப்போட்டன்," பூட்டிய கதவுக்குப் பின்னாலிருந்து மனைவியின் குரல் கேட்டது. "குசினி, அறை, ஹோல் எல்லாம் எனக்கு. கராஜ் உங்களுக்கு."

"கிறிஸ்ரினா, கதவைத் திறவுமப்பா!"