இரண்டாவது அம்மா

தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் மகள் எல்சி, தன்னை வளர்த்த ஆயாவை ‘அம்மா’ என்றே கூப்பிட்டு வந்தாள். ஆறு வயதானதும் பெற்றவளான துரைசாணி தடுத்துவிட்டாள். “கறுப்பியைப் போய் அம்மா என்பாயா? இனி ஆயா என்று சொல்.”

மறுநாள் தேயிலைச் செடிகளுக்கு நடுவே எல்சி, ஆயாவின் மகள் மருதாயியிடம் கெஞ்சினாள். “வீட்டுல நீ அம்மான்னு கூப்பிடறப்ப எனக்காகவும் ஒரு தடவ கூப்பிடுடி.”

“போடி வெள்ளெலி. அது எங்கம்மா.”

எல்சி அழவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

மாலையில் கூலிக் குடும்பங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வாசலில் நின்று மருதாயி, “அம்மா” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, எல்சியைப் போலவே இழுத்து, மறுபடியும் “அம்மா...” என்றாள்.

விறகு ஒடித்துக்கொண்டிருந்தவளின் கை நின்றது. மகளைத் திரும்பிப் பார்க்காமல், மேட்டிலிருந்த துரை பங்களாவைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்: “என்ன கண்ணு?”